கன்னியம்மாவின் வருகைப் பதிவு

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் இப்போது மின்பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பிரேமா போன வாரம் தொலைபேசியில் பேசினாள். இந்த ஆண்டு முதல், வாரத்தில் மூன்று நாள், சடையங்குப்பத்துக்கு அப்பால் இருக்கும் இருளர் குடியிருப்பிலேயே வகுப்பு நடக்கிறதாம். வகுப்பு தொடங்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும். கழிமுகத்தில் தண்ணீர் இறங்கும்போது அங்குள்ளவர்கள் இறால் பிடிக்கப் போவார்கள். ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்து, குளித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகுதான் பாடம்.

"அரசாங்க டைம்டேபிளை ஏத்தமும் வத்தமும் பார்த்துப் போட்டிருக்காங்க மேடம். இது எப்படி ஆரம்பிச்சதுன்னு கேட்டா எல்லாரும் உங்களைக் கை காட்டுறாங்க. எழுதிக் கொடுங்களேன்" என்றாள்.

நான் தொடங்கி வைத்த ஏற்பாடு அது என்று அங்கே ஒரு பேச்சு இருக்கிறது போலும். உண்மை அப்படியில்லை. அதற்குக் காரணமாக இருந்தவளின் பெயரை ஏட்டிலிருந்து நீக்கப் புறப்பட்டவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. அத்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வீட்டில் ஃபியூஸ் போனால் நானே போட்டுவிடுவேன் என்பதைத் தவிர மின்பணியாளர் பயிற்சியில் சேர எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை. வகுப்பில் பெண்கள் இரண்டு பேர். இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் படித்து முடித்து, ஒரு தொழிற்சாலையில் சில காலம் மோட்டார் சுற்றி, பிறகு தேர்வெழுதிப் பயிற்றுநர் ஆனேன். திருவொற்றியூரில் வேலைக்குச் சேர்ந்தவள் அங்கிருந்தே ஓய்வு பெற்றேன்.

அங்கே சில ஆண்டுகளிலேயே ஒன்று புரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் உள்ள முகவரியைப் பார்த்தே யார் எந்தப் பிரிவில் சேருவார்கள் என்று சொல்லிவிடலாம். காசிமேட்டுப் பிள்ளைகள் டீசல் மெக்கானிக் கேட்பார்கள். விசைப்படகு எஞ்சின் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள். மணலிப் பக்கம் அப்பா ஒப்பந்த வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்து ஃபிட்டருக்கு வருவார்கள். எங்கள் பேட்டைப் பிள்ளைகளுக்கு ஏசி மெக்கானிக். அவரவர் வீட்டு வாசலில் எந்தத் தொழில் நடக்கிறதோ அதுதான் கண்ணுக்குத் தெரியும், அதைத்தான் கேட்பார்கள்.

பழங்குடியினருக்கான இடங்கள் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் காலியாக நிற்கும். சேர்க்கை முடிந்ததும் அந்தக் கட்டத்தில் 'விண்ணப்பித்தவர் எவருமில்லை' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். பல ஆண்டுகள் அதை எழுதியது என் கைதான். கழிமுகத்தைச் சுற்றி இருளர் குடும்பங்கள் இருப்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அவர்கள் கையால் தடவிப் பிடித்த இறாலைச் சந்தையில் வாங்கிச் சமைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது அந்த முகங்கள் என் நினைவுக்கு வந்ததே இல்லை.

தேவசகாயம் சார் எங்களுக்கு முதல்வராக வந்தது என் பணியின் பிற்பாதியில். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஒல்லியானவர், குரலை உயர்த்தவே மாட்டார். யாராவது பேசத் தொடங்கினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். பேசி முடித்த பிறகுதான் எடுத்துப் போடுவார். கையெழுத்துக்குப் போகும் எந்தக் கடிதத்தையும் முதலில் மெல்லிய குரலில் வாய்விட்டு வாசிப்பார். கேட்பதற்கு நன்றாக இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவர் கொள்கை. பத்துக் கடிதங்கள் கொண்டுபோனால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். எங்களுக்குள் சலித்துக்கொள்வோம்.

அவர் கொண்டுவந்த வழக்கம் இன்னொன்று உண்டு. ஒரு பயிற்சியாளர் தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். பதில் இல்லையென்றால் பதிவுத் தபாலில் இன்னொன்று. அதற்கும் வராவிட்டால் பெயர் நீக்கக் கடிதம். விதிப்படி அதையும் தபாலில் அனுப்பினால் போதும். தேவசகாயம் சார் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். வகுப்புப் பயிற்றுநரே நேரில் போய், அந்த வீட்டில் உட்கார்ந்து, கையில் கொடுத்துவிட்டு வரவேண்டும். கொடுத்து வந்த பிறகுதான் ஏட்டில் பெயரைக் கோடு போட்டு அடிப்பார்.

"பேரை அடிக்கறது பேனா வேலை இல்ல மேடம், கால் வேலை" என்றார் என்னிடம்.

முதல் தடவை நான் அப்படிப் போனது நெட்டுக்குப்பத்துக்கு. போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளை காலில் கட்டோடு படுத்துக் கிடந்தான். படகு இழுக்கும்போது எலும்பு முறிந்திருந்தது. எங்கள் கடிதத்தைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. கொடுக்காமல் திரும்பி வந்தேன். சார் கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். அதிலிருந்து அந்த வழக்கத்தைப் பற்றி நான் குறை சொன்னதில்லை.

கன்னியம்மா சேர்க்கைக்கு வந்த ஆண்டுதான் அந்தக் காலிக் கட்டத்தில் முதன்முதலாக ஒரு பெயர் விழுந்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்பு முடித்து, சாதிச் சான்றிதழுக்காக அலைந்தே காலம் போயிருந்தது. அந்தச் சான்றிதழைப் பால் பாக்கெட் உறைக்குள் போட்டு, அதை இன்னொரு உறைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தாள். நேர்காணலில் தேவசகாயம் சார் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஏன் மின்பணியாளர் பிரிவு என்று கேட்டதற்கு, "எங்க தெரு மோட்டாரு ஷாக் அடிக்குது சார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கே தொட்டால் அடிக்கிறது, மழை நாளில் கூடுதலாக அடிக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார். ஒரு முறை அவள் அம்மா குழாயைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டிருக்கிறாள். வந்து பார்த்த ஆட்கள் தற்காலிகமாக எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுபடியும் அடிக்கிறது.

வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் தெரிந்தாலும் சொல்ல நேரமெடுப்பாள். ஆனால் கையில் கம்பியைக் கொடுத்தால் வேறு ஆள். எந்த இணைப்பையும் ஒரு முறை பார்த்தால் போதும்.

அந்த ஆண்டு நடுவில்தான் வாசலில் விரல் ரேகை வைக்கும் பெட்டி வந்தது. காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து பெயர் வரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் சிவப்பு விளக்கு. நான் வகுப்பில் எடுக்கும் ஏட்டுக்கு மதிப்பில்லை. பெட்டி சொல்வதுதான் வருகை என்று உத்தரவு. எல்லாருடைய ரேகையையும் பதிவு செய்தபோது கன்னியம்மாவுடையதும் பதிவானது. அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குச் சிவப்பு விளக்குத்தான். முதலில் ஒரு நாள் பச்சை வரும், நான்கு நாள் வராது; பிறகு பச்சை வருவதே நின்றுவிட்டது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் வந்து வகுப்பில் உட்கார்ந்துகொள்வாள்.

மாத முடிவில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பெட்டியில் வருகை இல்லாதவர்களை வகுப்பில் உட்கார வைத்திருப்பதாகவும், பயிற்றுநர் விளக்கம் தர வேண்டும் என்றும். அதில் என் பெயர் இருந்தது. அன்று காலை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது அவள் முதல் வரிசையில் இருந்தாள். தாமதமாக வந்து, பெட்டிப் பக்கம் போகாமலே உள்ளே நுழைகிறாள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். தினமும் விரல் வைக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"மெஷின்ல கை வைக்காம என் கிளாஸ்ல கால் வைக்கக் கூடாது" என்றேன், எல்லார் முன்னாலும்.

அவள் எழுந்தாள். சரி மேடம் என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சொன்னது சட்டப்படி சரிதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். முதல் கடிதம் போனது, முகவரி போதவில்லை என்று திரும்பி வந்தது. பதிவுத் தபாலும் அப்படியே. அங்கே வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. மூன்றாவது கடிதத்தை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். அவர் அதை வாசித்தார். தங்களது பெயர் பயிற்சியாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்ற வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு உறையில் போட்டு, முத்திரை வைத்து, என்னிடம் கொடுத்தார்.

மணலியில் பேருந்தை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே போய், சடையங்குப்பத்தில் இறங்கினேன். அங்கிருந்து நடைதான். ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும் என்று எதிரே வந்தவர் சொன்னார். அதைத் தாண்டிக் கரைமேல் நடந்தால் ஒரு பக்கம் உவர்நிலம், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். குடியிருப்பை அடைவதற்குள் என் செருப்பு சேற்றில் இரண்டு முறை கழன்றுவிட்டது. இந்த வழியாக வந்து ஒருத்தி ஒன்பது மணிக்கு வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று நடந்துகொண்டே கணக்குப் போட்டேன்.

வீட்டில் யாரும் இல்லை. தண்ணீரில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். போய்க் கரையில் நின்றேன். ஏழெட்டுப் பேர் மார்பளவுத் தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓலையில் முடைந்த பறி என்ற கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தார்கள். இரண்டு கைகளும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தன. வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கை இறாலைத் தொட்டதும் எடுத்துப் பறிக்குள் போடுவார்கள். எனக்கு எல்லாரும் ஒன்றுபோலத் தெரிந்தார்கள். அவள்தான் என்னை அடையாளம் கண்டு ஏறி வந்தாள், பின்னாலேயே அவள் அம்மா வசந்தாவும்.

வீட்டு வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். காலெல்லாம் சேறு. தெருக்குழாயைக் காட்டிக் கழுவிக்கொள்ளச் சொன்னார்கள். நேர்காணல் ஞாபகம் வந்து நான் தயங்கினேன். கன்னியம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். இப்போது அடிக்காது, தொடலாம் என்றாள்.

அவளே சரிசெய்திருந்தாள். மோட்டாருக்கு எர்த் என்கிற நிலத்தொடர்பு கொடுக்கும் குழாய் மண்ணுக்குள் துருப்பிடித்து, தாள் போல உதிர்ந்துபோயிருந்ததாம். தோண்டி எடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்தாள், கொண்டுவந்து காட்டினாள். புதிதாகத் தோண்டிய குழியையும் காட்டினாள். மேட்டுப் பகுதியாகப் பார்த்து இடம் தேர்ந்திருந்தாள், கம்பி இணைப்பு கச்சிதமாக இருந்தது. உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டாயா என்று கேட்டேன், நான் கற்றுக்கொடுத்த முறை அதுதான்.

"உப்பு போடல மேடம். இங்க மண்ணே உப்புதான். இன்னும் போட்டா பைப்ப சீக்கிரம் தின்னுடும். கரி மட்டும் போட்டேன். வருசத்துக்கு ஒருவாட்டி தோண்டிப் பாக்கணும். சரிதான மேடம்?"

சரிதான். ஈரமில்லாத மண்ணுக்கு எழுதிய பாடத்தைத் திருவொற்றியூர் முற்றத்தில் இத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். கழிமுகத்து மண்ணில் அது எப்படி வேலை செய்யும் என்று ஒரு முறைகூட எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அவளுக்கு அதைச் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

பிறகு, வந்த காரியத்தைப் பேசினேன். ஏன் வரவில்லை என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொன்னது வசந்தா.

"வர்லன்னு யாரு சொன்னது மேடம்? தெனமும் வந்துகினுதான் கீறா. அந்தப் பொட்டில கைய வச்சி வச்சிப் பாப்பாளாம். செவப்பு லைட்டு எரிஞ்சா திரும்பி வூட்டுக்கு வந்துடுவா. நேத்து வரைக்கும் வந்தா. கை வக்காம கால் வக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்களாம்."

அந்த வழியில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வந்து, வாசலில் நின்று, விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அந்நேரம் நான் ஐம்பதடி தூரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கையைக் காட்டச் சொன்னேன். தயங்கித்தான் நீட்டினாள். சேற்றுக்குள் கிடக்கும் சிப்பிகள் கிழித்த கீறல்கள், ஆறியவையும் ஆறாதவையும். விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. ரேகை பதிவு செய்தது ஒரு அடைமழை ஓய்ந்த வாரத்தில். அப்போது பல நாள் தண்ணீரில் இறங்காததால் விரல் கொஞ்சம் ஆறியிருந்திருக்கிறது.

"மிசினுக்கு நான் யாருன்னு தெர்ல மேடம்" என்றாள்.

முகத்தைத் துடைக்கக் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தேன். அந்த உறை பைக்குள்ளேயே இருந்தது. நாளை வா, வாசலில் நிற்க வேண்டாம், நேராக வகுப்புக்கு வா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தரைப்பாலம் வரை கூடவே வந்தாள். அந்த வழி முழுக்க நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆசிரியர் என்ற நினைப்பு அவ்வளவு எளிதில் இறங்கிவிடுவதில்லை.

சார் எல்லாவற்றையும் கேட்டார். கடிதத்தைக் கிழித்தார். வாசலில் அவள் வந்து திரும்பிப் போனது உண்மைதானா என்று காவலாளியை அழைத்து விசாரித்தார். உண்மைதான் என்றார் அவர், யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். அன்றே மேலிடத்துக்கு எழுதினோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது, அதுவும் தொலைபேசியில். பேசிய அதிகாரி நல்ல மனிதர்தான். நகரத்துக்குள் மாணவியர் விடுதி இருக்கிறது, இலவசம், அங்கே சேர்த்துவிடுங்கள் என்றார். இரண்டே மாதத்தில் விரல் ஆறிவிடும், ரேகை வந்துவிடும், தரைப்பாலத் தொல்லையும் இல்லை.

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. உடனே படிவத்தை நிரப்பலாம் என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் அவளைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

பணிமனையில் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விடுதியின் வசதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கைகளையும் துணியில் துடைத்தாள்.

"அங்க போனா கை ஆறிடும் மேடம். ஆறுன கையோட மறுபடி சேத்துல எறங்க முடியாது. தோலு மெத்துனு ஆயிடும், சிப்பி கிழிச்சிடும். படிச்சி முடிச்சி வேலை கெடைக்கலன்னா நான் இன்னா பண்றது? இந்தக் கையும் போயிடுமே."

வேலை கிடைக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. நாங்கள் தரப்போவது என்னவென்றே நிச்சயமில்லாத நிலையில், அவளிடம் நிச்சயமாக இருக்கும் ஒன்றை முதலில் விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். படித்தவர்கள் நானும் அந்த அதிகாரியும் யோசித்தும் தெரியாதது அது.

அவள் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். கேட்டு முடித்ததும் சார் கண்ணாடியை எடுத்துப் போட்டார். பிறகு ஒரு நீளமான பேரேட்டை எடுத்துக் கோடுகள் போட்டார். நாள், நேரம், எந்த விரல், எத்தனை முறை, பெட்டியின் பதில், பயிற்றுநர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து.

மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு அவர் தன் அறையை விட்டு வெளியே வந்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். நானும் நிற்பேன். கன்னியம்மா வந்து மூன்று முறை விரல் வைப்பாள். சிவப்பு. அவர் ஏட்டில் எழுதிக் கையெழுத்திடுவார், நான் அடுத்ததாக. பிறகு மூவரும் உள்ளே போவோம். தேர்வு வரை ஒரு நாள் விடாமல் அது நடந்தது. அவருக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஒன்றில் மட்டும் அவர் இளகவே இல்லை. மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கி அவள் வர முடியாத நாட்களில், 'வரவில்லை. தரைப்பாலத்தில் தண்ணீர்' என்று எழுதினார். வந்ததாகப் போட்டுவிடலாமே சார் என்று நான் கேட்டேன். இந்த ஏட்டில் ஒரே ஒரு நாள் பொய்யாக இருந்தால் மற்ற நாட்களும் பொய்யாகிவிடும் என்றார். அந்த மாதங்களில் வானத்தைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும். தேவையான வருகைக்கு மேலே அவளுக்கு மிஞ்சியது மூன்று நாள்தான்.

தேர்வுக்கான பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. கணினி பெட்டியைத்தான் நம்பியிருந்தது. சார் பேரேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என்னையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மேலிடத்து அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி, இதற்கு விதியில் இடமில்லை என்றார். சார் மறுத்துப் பேசவில்லை. ஏட்டைத் திறந்து முதல் நாளிலிருந்து மெல்லிய குரலில் வாசிக்கத் தொடங்கினார். நாள், நேரம், வலது ஆள்காட்டி விரல், மூன்று முறை, ஏற்கவில்லை, பயிற்சியாளர் வந்திருந்தார். அடுத்த நாள். அதற்கடுத்த நாள். அதிகாரி இடையில் இரண்டு தொலைபேசி அழைப்புகளை எடுத்தார். முடித்ததும் சார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் என்ற வரிகள் வந்தபோது அதிகாரி நிமிர்ந்தார். வராத நாளை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். வரவில்லை, அதனால் எழுதினேன் என்றார் சார்.

இன்னும் நாலைந்து பக்கம் போயிருக்கும். போதும் சார் என்று சொல்லி அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தார். அனுமதிச் சீட்டு மறுநாள் வந்தது.

கன்னியம்மா அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தேறினாள். பெரிய மதிப்பெண் எல்லாம் இல்லை, நடுத்தரம். ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் பழகுநர் இடம் வந்தது. அவள் வேண்டாம் என்றாள். எனக்கு மனம் வாடித்தான் போனது, ஆனால் இந்த முறை வற்புறுத்தவில்லை. ஓராண்டு வேலையில்லாமல் தண்ணீரில்தான் இருந்தாள். பிறகு காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். முறை வேலை, வாரத்தில் நாலு நாள். மற்ற நாளில் பறியைக் கடித்துக்கொண்டு அம்மாவோடு இறங்கிவிடுவாள். இன்னுமா இறங்குகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். ரெண்டும் கீது மேடம், ஏன் ஒண்ண வுடணும் என்றாள். படிப்பு என்பது ஓரிடத்திலிருந்து கிளம்பிப் போவதற்கான வழி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அவளைப் பார்த்து அவள் தெருவிலிருந்தே இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். தரைப்பாலம் அவர்களையும் நிறுத்தியது. பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் கன்னியம்மா மனு எழுதத் தொடங்கினாள், எங்களால் அங்கே வர முடியாத நாட்களில் நீங்கள் இங்கே வாருங்கள் என்று. பல மனுக்கள், பல ஆண்டுகள். தேவசகாயம் சார் ஊருக்குப் போய்விட்ட பிறகு ஒவ்வொரு மனுவையும் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாளாம். இன்று அங்கே நடக்கும் வகுப்பு அவள் வாங்கியது. பிரேமாவோடு அவளும் கௌரவப் பயிற்றுநராக நின்று சொல்லிக்கொடுக்கிறாள். அதில் என் பங்கு எதுவுமில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் கன்னியம்மா வந்திருந்தாள். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாலை, சால்வை, பேச்சு எல்லாம் முடிந்து, வீட்டுக்குக் கார் ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் பேருந்திலேயே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்; இத்தனை ஆண்டுகள் போன வழி. அவள் நிறுத்தம் வரை என்னுடன் நடந்தாள். மாலையும் சால்வையும் இருந்த பையை நான்தான் வைத்திருந்தேன்.

நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அந்த இரைச்சலில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

"அன்னிக்கு உன்னை வெளிய நிறுத்தினது மெஷின் இல்லம்மா, நான்தான். அப்புறம் உன் வீட்டுக்கு வந்ததுகூட உன்னைத் தேடி இல்ல. உன் பேரை அடிக்கிற கடிதத்தோட வந்தேன்."

அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"தெரியும் மேடம். நீங்க கைக்குட்டை எடுக்கசொல்ல அது வெளிய தெரிஞ்சிச்சி. சீலு போட்ட கவரு. எப்ப குடுப்பீங்கன்னு பாத்துகினே இருந்தேன். பாலம் வரைக்கும் அதுக்குத்தான் கூட வந்தேன். நீங்க குடுக்கல."

இத்தனை ஆண்டுகள் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை இரக்கம் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பட்டது.

"இரக்கப்பட்டு இல்லம்மா. வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் குடுக்கல."

பேருந்து வந்துவிட்டது. அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். ஜன்னல் ஓரமாக ஒரு இடம் பிடித்து, பையை வைத்து, நான் உட்காரும் வரை நின்றாள்.

"எதுவா இருந்தா இன்னா மேடம்" என்றாள் இறங்கும்போது. "குடுக்கல இல்ல."